மாடிப்படியில் நின்றுபோன கேள்வி

எங்கள் வீட்டு மாடிப்படி மரத்தாலானது. மொத்தம் பதினான்கு படி. ஏழாவது படியில் ஓர் ஆணி கழன்றிருந்தது. காலை வைத்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி கிறீச்சிடும். கூடத்தில் படுத்திருக்கும் ஆயா கண்ணைத் திறக்காமலே, "யாரு மேல போறது?" என்று கேட்பாள். "நான்தான் ஆயா" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். அந்தப் படியில் அத்தை கால் வைத்து நான் பார்த்ததில்லை. மாடி அறையைக் கூட்டிப் பெருக்குவதற்குக்கூட வேலைக்காரப் பெண்தான் போவாள்.

1976. சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. எனக்குப் பத்து வயது. வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், நெல் குதிர் இருந்த ஓர் இருட்டறை. அந்த அறைதான் அத்தைக்கு. அறை என்று சொன்னாலும் குதிருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான் அவளுக்கு. பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு அடையாளமே இருக்காது.

அத்தையை மன்னார்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆறே மாதத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எங்கள் முன்னால் யாரும் பேசமாட்டார்கள். பேசிக்கொண்டிருந்தாலும் நாங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு மழை, விலைவாசி என்று மாறிவிடும். திண்ணையில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் எங்களை ஒரு பொருட்டாக நினைக்காமல், 'வாழாவெட்டி' என்று சொல்வாள். வெட்டி என்பதால் ஏதோ சண்டைக்காரி என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை யாரோடும் சண்டை போட்டதில்லை. அது எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

மாடி அறையை வாடகைக்கு விடலாம் என்று அப்பா முடிவு செய்தது அந்த வருஷம்தான். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை சம்பளத்தில் பதினோரு வயிறு நிறையவில்லை. பாங்கில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தனிக்கட்டை. ஆயாவுக்கு மனசில்லை. "வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுல ஒத்த ஆம்பளையவா வெப்பாங்க?" என்றாள். "நம்ம வீட்டுல வயசுப் பொண்ணு யாரும்மா இருக்கா?" என்றார் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என் தங்கைக்கு அப்போது ஏழு வயது என்பதுதான் அவர் கணக்கு. பக்கத்தில் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முறத்தைத் தட்டிய கை ஒரு நொடி நின்று மறுபடி தட்டியது. அன்றைக்கு எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மாடி சார் வந்து சேர்ந்தபோது சாமான் அதிகமில்லை. ஒரு கயிற்றுக் கட்டில், பம்ப் ஸ்டவ், இரண்டு ஆப்பிள் பெட்டி. பெட்டி இரண்டிலும் புத்தகம். அதில் பாதி கடையில் வாங்கியதே இல்லை. வாரப் பத்திரிகைகளிலிருந்து கதைகளைக் கிழித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, பழுப்புத் தாள் அட்டை போட்ட பைண்டுகள். அந்தக் காலத்தில் படிக்கிற வீடுகளில் இது ஒரு வேலையாகவே நடக்கும். கதையின் மறுபக்கத்தில் பல்பொடி விளம்பரமும் வேறு யாரோ எழுதிய கதையின் நடுப்பகுதியும் இருக்கும். முதலும் முடிவும் இல்லாத அந்த நடுப்பகுதிகளைத்தான் நான் விரும்பிப் படித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கத்திரிக்காய் கொத்சு. எங்கள் ஊர்க்காரனுக்குக் கொத்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த வராது, விட்டுவிடுகிறேன். வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவது மரியாதை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஏழாவது படியைக் கிறீச்சிட வைப்பது என் வேலை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சிட்டிகை சர்க்கரையோ ஒரு வாழைப்பழமோ போட்டுத் தருவார்கள். சார் அறையில் சர்க்கரை ஏது? ஒருமுறை கழுவிய கிண்ணத்தின் மேல் ஒரு பைண்டு புத்தகத்தை வைத்து, "வீட்டுல யாராச்சும் படிப்பாங்களா தம்பி?" என்றார். "எங்க அத்தை படிப்பாங்க" என்றேன். அது உண்மையா என்றுகூட எனக்குத் தெரியாது. பலசரக்குக் கட்டி வரும் பொட்டலத் தாளை அத்தை பிரித்து நீவி ஓரமாக வைத்துக்கொள்வதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்படித் தொடங்கியது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு, ஏனம் கழுவிக் கவிழ்த்தபிறகு, முற்றத்து வெயில் தாழ்வாரத் தூணின் அடியைத் தொடும் நேரத்தில் அத்தை அந்தத் தூணில் சாய்ந்து உட்காருவாள். வெயில் தூணின் இடுப்புக்கு ஏறுவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "என்ன கதை அத்தை?" என்பேன். சில நாள் சொல்வாள். சில நாள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது ஒரு மெல்லிய புத்தகம். அட்டை போய்விட்டது, முதல் தாளும் இல்லை. எழுதியவர் பெயரை சார் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார்: மௌனி. இது ஒரு பெயரா என்று சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. மூன்று நாள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடுகிற ஆள்.

"என்ன கதை அத்தை?"

"ஒரு பையனும் பொண்ணும் பள்ளிக்கூடம் விட்டு வர்றாங்க. கூட நடந்து வரட்டுமான்னு அந்தப் பையன் கேக்குறான். அந்தப் பொண்ணு திரும்பி ஒரு பார்வை பாக்குறா. ஏன்னு கேக்குற மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவளுக்கு வேற எடத்துல கல்யாணம் ஆயிடுது."

"அந்தப் பையன்?"

"அவன் அந்த ஏன்லயே நின்னுட்டான்."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. திருடன் இல்லை, பேய் இல்லை, ஒரு கத்திக்குத்துகூட இல்லை. இதுக்கு மூணு நாளா என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் சார் படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் புத்தகத்துல 'ஏன்'னு ஒரு கதை. அது அத்தைக்கு எப்படி இருந்துதுன்னு கேட்டுட்டு வர்றியா?" சரி சார் என்று இறங்கினேன். வாசலில் பம்பரம் விட ஆள் சேர்ந்திருந்தது. என் பம்பரத்துக்குப் புது ஆணி அடித்திருந்த நாள் அது. விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் விளையாடிவிட்டு உள்ளே வந்தால், சார் இன்னும் படிக்கட்டின் மேலேயே நிற்கிறார். வேலையைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புரியலையாம் சார்."

அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ரேஷன் கார்டு விஷயமா, அவளுக்குப் புரியாது. பாகப்பிரிவினைப் பத்திரமா, அவளுக்குப் புரியாது. அந்த வார்த்தையைத்தான் எடுத்து நீட்டினேன். சார் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கும்தான் புரியல" என்று சிரித்தார். பிறகு அறைக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கிண்ணத்தின் மேல் வந்தவை எல்லாம் வாரப் பத்திரிகைகள். சிரிப்புத் துணுக்கும் கோலப் போட்டியும் உள்ளவை. ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு அத்தை கேட்டாள். மாவரைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல்: "மாடி சார் ஏதாச்சும் கேட்டாராடா?"

சொன்ன பொய் வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டாவது பொய்யையும் சொன்னேன். "ஒண்ணும் கேக்கலையே."

குழவி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மறு வருஷம் தைப்பொங்கல் கழிந்து சாருக்கு டிரான்ஸ்பர் வந்தது. கட்டிலை இங்கேயே விற்றுவிட்டு, பெட்டிகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். திண்ணையில் அப்பாவும் ஆயாவும் நின்று வழியனுப்பினார்கள். அத்தை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே போனாளா, அன்றைக்கு அவளுக்கு அதுதான் வேலையா, எனக்குத் தெரியாது. சார் என் தலையைத் தடவிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினார். புத்தகத்தைக் கேட்கவில்லை. அத்தையும் கொடுத்தனுப்பவில்லை. மெல்லிய அந்தப் புத்தகம் குதிர் அறையில் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

இதைக் காதல் கதை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. படித்த ஒரு கதையைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஓர் ஆள் கிடைக்காதா என்று மட்டும்தான் சார் தவித்தாரோ என்னவோ. ஆனால் அதுவே பெரிய தவிப்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

பத்தொன்பது வயதில், கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு மழை நாளில் அந்தப் பெட்டியிலிருந்து அத்தையே புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். 'ஏன்?' கதை இருந்த பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. சமையல் கையோடு பக்கத்தைப் பிடித்திருக்கிறாள். அதே புத்தகத்தில் 'அழியாச்சுடர்'. கோயிலில் ஒரு பெண்ணைக் கண்டு, அவளுக்காக எதையும் செய்வேன் என்று சொல்லிவிட்டு, ஒன்பது ஆண்டு கழித்து அதே கோயிலில் அவளை மறுபடி பார்க்கிறவன் கதை. படித்துவிட்டு எங்கள் கோயிலுக்குப் போய் ஒரு தூணின் யாளிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அது அசையவில்லை. மௌனியின் ஆட்களுக்கு மட்டும்தான் கல் அசையும் போலிருக்கிறது.

பிறகு பசி வந்தவன்போலப் படித்தேன். கு.ப. ராஜகோபாலனின் 'ஆற்றாமை' என்னை உலுக்கிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் புருஷனைப் பிரிந்து தனியாக இருக்கிற சாவித்திரி, பக்கத்துப் பகுதியில் சேர்ந்து வாழ்கிற இளம் தம்பதியின் சிரிப்பைக் கேட்டுப் பொருமுகிறாள். அவர்களைத் தேடி ராத்திரியில் ஒருவன் வரும்போது, போய்க் கதவைத் தட்டு என்கிற மாதிரி வழியைக் காட்டிவிடுகிறாள். அந்தச் சின்னப் பழிவாங்கலுக்குப் பிறகு அழுகிறாள். படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு விடியற்காலை நினைவுக்கு வந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணமான புதிது. அவர்கள் அறைக்கு வெளியே நாலு மணிக்கெல்லாம் அத்தை குடத்தையும் அண்டாவையும் உருட்டிக்கொண்டிருப்பாள். "இந்த மூதேவிக்குத் தூக்கம்தான் வரலன்னா ஊரையே எழுப்பணுமா?" என்று ஆயா திட்டுவாள். நாங்கள் போர்வைக்குள் சிரிப்போம். யார் தூக்கத்தை அத்தை கலைத்தாள் என்பது கு.ப.ரா.வைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கு.ப.ரா.வின் கதையும் ஒரு கதைதான். கும்பகோணத்தில் 1902இல் பிறந்தவர். முப்பது வயதைத் தாண்டியதும் கண்ணில் புரை விழுந்து, பார்த்துக்கொண்டிருந்த சர்க்கார் வேலையை விடவேண்டி வந்தது. பார்வை மங்கிய காலத்தில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். அந்தத் தங்கையும் பிறகு எழுத்தாளர் ஆனார். பெண்களின் மனசை அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த கதைகள் ஒரு பெண்ணின் காதில் விழுந்து, அவள் கை வழியாகத் தாளுக்கு வந்திருக்கின்றன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் வீட்டில் கேட்டவர் கேட்டதை அப்படியே எழுதினார். எங்கள் வீட்டில் கேட்டவன் பம்பரம் விடப் போய்விட்டான். 1944இல், நாற்பத்திரண்டு வயதில், கு.ப.ரா. இறந்துபோனார்.

வண்ணதாசனின் 'தனுமை'யையும் அந்த வருஷங்களில்தான் படித்தேன். கால் ஊனமான தனுவைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிற ஞானப்பன், ஞானப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கிற டெய்சி வாத்திச்சி. யாருக்கும் யாரும் கிடைப்பதில்லை. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நம் சிறுகதையின் காதல் தோல்வியில் எனக்குப் பிடிபட்டது இதுதான். 1953இல் தேவதாஸ் படம் வந்ததிலிருந்து தோற்ற காதலனுக்குத் தாடி, பாட்டில், இருமல் என்று ஓர் உடுப்பே தைத்துக் கொடுத்துவிட்டோம். அந்த உடுப்பைப் போட்டவன் தோற்றது ஊருக்கே தெரியும். அவனுக்காக அழவும் கொட்டகை நிறைய ஆள் உண்டு. மௌனியின் ஆளுக்கும் கு.ப.ரா.வின் சாவித்திரிக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் தோற்றது பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாது. காலையில் எழுந்து பல் துலக்கிச் சோறாக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போவதுதான் அங்கே தோல்வி. அந்த ஆளுக்குக் காதலன் என்று பெயர் வைப்பதா வேறு பெயர் வைப்பதா என்பதெல்லாம் பிற்பாடு. பதினோரு பேர் உள்ள வீட்டிலும் அந்த ஓர் ஆள் இல்லாமல் இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மௌனியைப் பற்றி எழுதியவர்களையெல்லாம் தேடிப் படித்தபோது, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட குற்றச்சாட்டு 'புரியவில்லை' என்பது. அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் புகழ்ந்ததையும் சொல்லி, அதையே புரியாமைக்குச் சாட்சியாகவும் காட்டினார்கள். விமரிசகர்கள் படித்துவிட்டுச் சொன்ன வார்த்தையைப் பத்து வயதில் நான் படிக்காமலே, அதுவும் அவரைப் புரிந்துகொண்ட ஒருத்தியின் பெயரில் சொல்லியிருக்கிறேன். குதிர் அறையில் மூன்று நாள் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரிந்திருக்கும்?

மௌனி யார், எந்த ஊர் என்று விசாரிக்க எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. நூலகத்தில் பழைய பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றிய கட்டுரை கிடைத்தது. இயற்பெயர் மணி. 1907இல் செம்மங்குடியில் பிறந்தவர். கணிதம் படித்தவர். 'மணிக்கொடி'யில் 1936இல் எழுத ஆரம்பித்தவர். வாழ்நாள் முழுக்க எழுதியதே இருபத்துச் சொச்சம் கதைகள்தான். கும்பகோணத்தில் இருந்துவிட்டு நாற்பதுகளிலேயே சிதம்பரத்துக்குக் குடிவந்து, குடும்பச் சொத்துக்களைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தவர். முதல் நாள் அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். எந்தத் தேர் பார்க்க அப்பா தோளில் உட்கார்ந்து போனேனோ அதே தேரை அவரும் பார்த்திருப்பார். மாடி சார் பென்சிலால் பெயரெழுதிய நாளில், நான் படிக்கட்டில் நின்று பொய் சொன்ன நாளில், அவர் இந்த ஊரில்தான் எங்கோ நடந்துகொண்டிருந்தார். சாருக்கு அது தெரிந்திருந்ததா என்பது தெரியவில்லை. நான் கட்டுரையைப் படித்தது 1986இல். மௌனி 1985 ஜூன் 6ஆம் தேதி காலமாகியிருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். அவள் தாழ்வாரத் தூணில் சாய்ந்து முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"அந்தப் புத்தகம் எழுதினவரு நம்ம ஊருதான் அத்தை. போன வருஷம்தான் செத்துப்போனாராம்."

கல் பொறுக்கிய கை நின்றது.

"எந்தத் தெரு?" என்றாள்.

"தெரியல."

"இத்தன நாளும் இங்கதான் இருந்தாரா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு எதுக்கு அப்படிப் பாத்தான்னு அவர்கிட்ட கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. பக்கத்தில் யாருமில்லை, ஆயாவும் போய்விட்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டேன்.

அதன் பிறகு அத்தை எட்டு வருஷம் இருந்தாள். அந்தக் கதை அவளுக்கு எப்படி இருந்தது என்று மாடி சார் கேட்டார் என்பதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.